கராஜ் எஸ்டிமேட்டை வாசிப்பது

கராஜிலிருந்து வாட்ஸ்அப்பில் எஸ்டிமேட் வந்ததும் கண் நேரே அடியிலுள்ள மொத்தத் தொகைக்குத்தான் போகும். பார்த்த கையோடு "கூடத்தான்" என்றோ "பரவாயில்லை" என்றோ தீர்ப்புச் சொல்லிவிடுவோம். எதோடு ஒப்பிட்டுக் கூட? போன முறை நாம் கட்டியதோடு. இல்லாவிட்டால் வெள்ளவத்தையில் இருக்கும் மச்சான் அவருடைய காருக்குக் கட்டியதோடு. இரண்டுமே உதவாது. மச்சானுடைய கார் வேறு, அதன் வருத்தமும் வேறு. பழைய பில்லோ இன்னும் மோசம். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை நெருங்கியது. பிறகு இறங்கி 300ஐச் சுற்றி நின்றது. பிளக்கிலிருந்து ரேடியேட்டர் வரை எல்லாமே கப்பலில் வரும் சாமான். 2021ஆம் ஆண்டின் பில்லை வைத்துக்கொண்டு இன்றைய கராஜ்காரரோடு வாதாடுவதில் பயனில்லை.

இன்னொன்றும் உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. ஏறக்குறைய ஐந்து வருடம் நம்முடைய வெகன் ஆர், விட்ஸ், அக்குவா, அக்ஸியோ எல்லாம் மாற்று இல்லாமல் ஓடி முதுமை தட்டிவிட்டன. காரின் முதல் ஐந்து வருடத்தில் பெயரே கேள்விப்படாத புஷ், மவுண்ட், ஹோஸ், வோட்டர் பம்ப் எல்லாம் இப்போது பில்லில் வருவது இயல்பு. ஆகவே தொகை பெரிதாக இருப்பது மட்டும் ஏமாற்றுக்கு அத்தாட்சி ஆகாது. சிறிதாக இருப்பது நேர்மைக்கும் அத்தாட்சி ஆகாது. ஒவ்வொரு வரியாகத்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வரியிடமும் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல: இதை மாற்ற வேண்டும் என்று எப்படித் தெரிந்தது?

எப்படித் தெரிந்தது?

"அக்கா, முன்பக்கம் சத்தம் வருதே, சஸ்பென்ஷன் முழுக்க மாத்தணும்."

"எதைப் பார்த்துச் சொல்றீங்க தம்பி?"

இந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலிலேயே பாதி விஷயம் வெளிச்சமாகிவிடும். வேலை தெரிந்தவர் காரை ஜக்கில் தூக்கி, சில்லை மேலும் கீழும், பிறகு இடமும் வலமும் ஆட்டிக் காட்டுவார். மேல்கீழ் ஆட்டத்தில் பெரும்பாலும் போல் ஜொயின்ட் அல்லது வீல் பெயரிங் காட்டிக்கொடுக்கும். இடவல ஆட்டத்தில் ரை ரொட் எண்ட். ஷொக் அப்சோபர் என்றால் ஒயில் கசிந்து தூசி அப்பிய ஈரத்தைக் கையால் தொட்டுக் காட்டலாம். "அனுபவத்தில் தெரியும்" என்பது பொய்யாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் அனுபவம் உள்ளவருக்குக் காட்டவும் தெரியும். காட்ட மறுத்தால் அந்த வரியை நிறுத்தி வையுங்கள்.

பிரேக் பாட்: புதியது ஏறக்குறைய 10 மில்லிமீற்றர் தடிப்பு. 3 மில்லிமீற்றருக்கு வந்தால் மாற்ற வேண்டியதுதான். 6 இருக்கும்போது மாற்றச் சொன்னால் அவசரமில்லை. டிஸ்க் பிளேட்டும் தேய்ந்துவிட்டது என்றால், குறைந்தபட்சத் தடிப்பு எவ்வளவு என்று பிளேட்டின் நடுப்பகுதியிலோ விளிம்பிலோ பொறித்திருக்கும். அளந்து காட்டச் சொல்லலாம். அளக்கும் கருவி இல்லாத கராஜில் டிஸ்க் மாற்றச் சொல்வது குத்துமதிப்புத்தான்.

பற்றரி: இரவு முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ற் அளவு இருந்தால் நல்ல நிலை. எஞ்சின் ஓடும்போது 13.8க்கும் 14.5க்கும் இடையில் காட்ட வேண்டும். ஓடும்போதும் 12தான் என்றால் குற்றவாளி ஓல்டனேட்டர் பக்கம். அந்த நிலையில் புதுப் பற்றரி வாங்கிப் போட்டால் அதுவும் சீக்கிரமே இறங்கிவிடும்.

ஏசி: "காஸ் குறைஞ்சிருக்கு, நிரப்பணும்" என்பது அரைகுறை நோயறிதல். அது மூடிய சுற்று. காஸ் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவைத் தேடும் வரி எஸ்டிமேட்டில் இல்லாமல் நிரப்பும் வரி மட்டும் இருந்தால், அடுத்த வெயில் காலத்துக்கும் அதே கராஜுக்கு வருவீர்கள்.

செக் எஞ்சின் லைட்டைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, இங்கேதான் காசு அதிகம் வீணாகிறது. ஸ்கேன் மெஷின் காட்டும் கோட், எந்தச் சாமான் பழுது என்று சொல்வதில்லை. எந்த அளவீடு வழமைக்கு மாறாக இருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. உதாரணத்துக்கு பி0171: எரிபொருளுக்குக் காற்று அதிகம் என்று பொருள். வெடித்த ஒரு ரப்பர் ஹோஸால் வரலாம். அழுக்குப் பிடித்த காற்று சென்சரால் வரலாம். பெற்றோல் பம்ப் பலவீனமானாலும் வரலாம். கோட்டைப் பார்த்த மாத்திரத்தில் ஒக்சிஜன் சென்சரை எஸ்டிமேட்டில் எழுதுபவர் பரிசோதிக்கவில்லை, ஊகிக்கிறார். ஊகம் பிழைத்தால் செலவு உங்களுடையது. ஸ்கேன் அறிக்கையின் படத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கோட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்தபோது திரும்ப வந்ததா என்றும் கேளுங்கள்.

சில வரிகள் கேள்வி கேட்காமலே விழுந்துவிடும். கொரோலா 121, 141, அக்ஸியோ, பழைய விட்ஸ் ஆகியவற்றில் வரும் 1,500 சிசி 1என்இசட் எஞ்சினுக்கு டைமிங் பெல்ட்டே கிடையாது, செயின்தான். அந்தக் காருக்கு டைமிங் பெல்ட் என்று எழுதி வந்தால் யாருடைய காருக்கோ போட்ட எஸ்டிமேட் உங்களுக்கு வந்திருக்கிறது. அதே எஞ்சினுக்கு ஃபில்டரும் சேர்த்து 3.7 லீற்றர் ஒயில் போதும். 660 சிசி வெகன் ஆருக்கு மூன்று லீற்றருக்குள் முடிந்துவிடும். 4 லீற்றர் கேன் ஒன்றுக்கு முழு விலை போட்டால் மிச்சத்தைக் கேனோடு கேட்டு வாங்குங்கள். இரிடியம் பிளக் போட்ட காருக்கு ஒவ்வொரு சேர்விஸிலும் பிளக் மாற்றத் தேவையில்லை. 1,00,000 கிலோமீற்றர் வரை தாங்கும் வகை அது. உங்கள் எஞ்சினின் பெயரையும் ஒயில் அளவையும் கார்ப் புத்தகத்தில் ஒருமுறை பார்த்து போனில் எழுதி வைத்துக்கொண்டால், இந்தப் பகுதிக்கு வேறு படிப்பு வேண்டாம்.

சாமான் வரி

"முன் ஷொக் இரண்டு" என்று மட்டும் எழுதி விலை போட்டிருந்தால் அந்த விலை சரியா பிழையா என்று யாராலும் சொல்ல முடியாது. டொயோட்டா பெட்டியில் வரும் ஜெனுவினா, அதே தரத்தில் தன் பெயரிலேயே வரும் கேவைபி, டென்சோ, ஐசின், அகெபோனோ போன்றதா, தாய்வான் அல்லது சீனப் பிரதியா, ஜப்பானில் கழற்றிய ரீகண்டிஷனா? ஒன்றுக்கொன்று விலை மடங்குக் கணக்கில் வித்தியாசப்படும். எஸ்டிமேட்டில் பிராண்டும் பார்ட் நம்பரும் இருக்க வேண்டும் என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல.

பார்ட் நம்பர் கையில் வந்ததும் பஞ்சிகாவத்தை இருக்கிறது. மருதானையைத் தாண்டியதும் தெருவின் இரு பக்கமும் சாமான் கடைகள். கொழும்பில் கார் சாமானுக்கு விலைப்பட்டியல் என்று ஒன்று உண்டென்றால் அது அந்தத் தெருதான். நேரில் போகக்கூட வேண்டாம். இரண்டு மூன்று கடைகளுக்குப் போன் செய்து, செசி நம்பரையும் பார்ட் நம்பரையும் சொல்லி, பிராண்டையும் சொல்லி விலை கேட்டால் போதும். செசி நம்பர் இல்லாமல் "விட்ஸுக்கு" என்று கேட்டால் ஏதோ ஒரு விட்ஸுக்கு ஏதோ ஒரு விலை சொல்வார்கள்.

கேட்ட விலையைவிட கராஜ் விலை ஓரளவு கூடுதலாக இருப்பது எனக்குக் குறையாகப் படவில்லை. அவர் போய் எடுத்து வருகிறார். பிழையான சாமான் என்றால் அவரே திருப்பிக் கொடுக்கிறார். பொருத்திய பிறகு சத்தம் வந்தால் அவரிடமே கேட்கலாம். சாமானை நாமே வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தால் இந்தப் பொறுப்பு முழுவதும் நம் தலையில் வந்துவிடும். பல கராஜ்கள் அப்போது உத்தரவாதம் தருவதில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் ஒரே பிராண்டுக்கு, ஒரே நம்பருக்கு, ஒன்றரை மடங்கு என்றால் பேசத்தான் வேண்டும். சண்டை வேண்டாம், நம்பரைச் சொன்னால் போதும்: "பஞ்சிகாவத்தையில இந்த நம்பர் இந்த விலைக்கு இருக்கு. உங்களுக்கு எவ்வளவுக்குத் தர முடியும்?"

ரீகண்டிஷன் எல்லாவற்றுக்கும் கூடாது என்பதில்லை. கதவு, லைட், பக்கக் கண்ணாடி, ஓல்டனேட்டர், சில வேளை கியர்பொக்ஸ் ரீகண்டிஷனில் எடுப்பது புத்திசாலித்தனம். பிரேக், ரை ரொட் எண்ட், போல் ஜொயின்ட், ரப்பர் சாமான்கள் ஆகியவற்றில் வேண்டாம். ரப்பர் ஓடாமல் அலமாரியில் இருந்தாலும் காய்ந்துபோகும்.

கூலி வரி

கூலிக்குப் பொதுவான விலை கிடையாது. டுப்ளிகேஷன் வீதிக்குப் பக்கத்தில் ஒரு பேர்ச் நிலத்துக்கு என்ன பெறுமதி என்று தெரிந்தவர்கள், அங்கே நான்கு லிஃப்ட் போட்டு நடத்தும் கராஜின் கூலி கிருலப்பனையில் ஒரு சந்துக்குள் இருப்பவரின் கூலியைவிடக் கூட இருப்பதைப் பார்த்துத் திகைக்க மாட்டார்கள். பார்க்க வேண்டியது ஒரே வேலைக்கு இரண்டு தரம் கூலி எழுதப்பட்டிருக்கிறதா என்பதை.

மனுவல் கியர் அல்டோ ஒன்றுக்கு இப்படி ஓர் எஸ்டிமேட் வருகிறது என்று வையுங்கள். இலக்கங்கள் கணக்குக்காக மட்டும், இன்றைய விலையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்:

கியர்பொக்ஸ் இறக்கி ஏற்ற 20,000
கிளச் பிளேட், பிரஷர் பிளேட் மாற்ற 8,000
ரிலீஸ் பெயரிங் மாற்ற 5,000
பின் ஒயில் சீல் மாற்ற 6,000

மொத்தக் கூலி 39,000 ரூபா. இதில் உண்மையான வேலை முதல் வரி. கியர்பொக்ஸ் இறங்கியதும் கிளச் செட் கண்ணுக்கு முன்னால் தெரியும். சில போல்ட்டுகளைக் கழற்றி, பிளேட்டை நடுப்படுத்தி, திரும்பப் பூட்டுவதுதான் மிச்சம். ரிலீஸ் பெயரிங் கையால் இழுத்தால் வரும். அதற்குத் தனிக் கூலி கேட்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பின் சீலுக்கு ஃபிளைவீலைக் கழற்ற வேண்டும், ஆகவே கொஞ்சம் கூடக் கேட்பது நியாயம். "இறக்கி ஏற்றும் கூலிக்குள்ள கிளச்சும் அடங்கும்தானே பாஸ்?" என்று கேட்டால், கேட்கத் தெரிந்த ஆள் என்று அவரே வரியைத் திருத்துவார். எதையாவது இறக்கி, கழற்றி, திறந்துதான் அடைய முடியும் என்றால், ஒருமுறை திறந்ததற்கு ஒருமுறைதான் கூலி. வோட்டர் பம்பும் பெல்ட்டும் இப்படித்தான். ஷொக்கும் அதன் மேல் மவுண்ட்டும் இப்படித்தான்.

இதே கணக்கு உங்களுக்குச் சாதகமாகவும் வேலை செய்யும். கியர்பொக்ஸ் இறங்கியிருக்கும்போது அந்தச் சீலை மாற்றாமல் விட்டுவிட்டு, பிறகு கசியத் தொடங்கினால் மறுபடி முழு இறக்குக்கூலி. ஆகவே "சும்மா சேர்த்துவிட்டார்" என்று தோன்றும் ஒரு வரி சில வேளை உண்மையான சேமிப்பாக இருக்கும்.

கூலியோடு ஒட்டி வருவது வரி. பெறுமதி சேர் வரி (வற்) 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம். வற் பதிவு உள்ள நிறுவனம் மட்டுமே அதை அறவிடலாம். அதன் வற் இலக்கம் பில்லில் இருக்க வேண்டும், முடிவில் 7000 என்று வரும். இலக்கம் இல்லாத எஸ்டிமேட்டில் "வற் 18%" என்று கண்டால் அதை வெட்டச் சொல்லுங்கள். இரண்டு கராஜ்களை ஒப்பிடும்போதும் ஒருவருடையது வரியோடா, மற்றவருடையது வரியில்லாமலா என்று பாருங்கள். 1,00,000 ரூபாவில் 18,000 வித்தியாசம் அங்கேயே முடிந்துவிடும்.

இல்லாத வரி

மலிவான எஸ்டிமேட்டில் அதிகமாகக் கவனிக்க வேண்டியது எழுதாமல் விட்டதை. ரை ரொட் எண்ட் மாற்றிவிட்டு வீல் அலைன்மென்ட் வரி இல்லையென்றால் புது டயர் ஒரு பக்கம் தின்னும். ரேடியேட்டர் கழற்றினால் கூலன்ட் வேண்டும், வெறும் தண்ணீர் அல்ல. பிரேக் ஹோஸ் மாற்றினால் பிரேக் ஒயிலும் காற்று எடுப்பதும் வேண்டும். ஏசி பைப் திறந்தால் வக்யூம் போட வேண்டும். இவை இல்லாத எஸ்டிமேட் இரண்டில் ஒன்று: வேலையை அரைகுறையாகச் செய்யப்போகிறார், அல்லது கார் பிரித்த பிறகு போன் வரும், "அண்ணே, இதுவும் வேணும்" என்று. பிரித்த காரோடு பேரம் பேச முடியாது.

கடற்கரைப் பக்கத்துக் கார்

மரைன் டிரைவ் ஓரத்திலோ ஸ்டேஷன் வீதிப் பக்கத்திலோ திறந்த வெளியில் நிறுத்தும் காருக்கு உப்புக்காற்று தனிச் செலவு வைக்கும். இதைத் தெரிந்தவர்களும் உண்டு, இதைக் காட்டிப் பயமுறுத்துபவர்களும் உண்டு. மழை இரவுக்குப் பிறகு காலையில் டிஸ்க் பிளேட் மண்ணிறமாகப் பூத்திருக்கும். அது மேல்துரு, காலி வீதிச் சந்திக்குப் போவதற்குள் நாலு பிரேக்கில் தேய்ந்துவிடும். அதற்காக டிஸ்க் மாற்றத் தேவையில்லை. ஆனால் கலிப்பரின் பின்கள் துருவேறிச் சிக்கினால் ஒரு பக்கப் பாட் மட்டும் கரையும். அதைச் சுத்தம் செய்து கிரீஸ் போடும் வரி சிறிய தொகை, இங்கே நியாயமான தொகை. பற்றரி முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் முதலில் சுத்தம் செய்து பார்க்க வேண்டும், பிறகுதான் பற்றரி பேச்சு. ஏசி கொண்டென்சரின் மெல்லிய தகடுகள் விரலில் பட்டதும் பொடியாக உதிர்ந்தால், கொண்டென்சர் மாற்றச் சொல்வது உண்மையாகவே இருக்கும்.

அண்டர் கோட்டிங் பற்றி மட்டும் கண்டிப்பாக இருங்கள். துருவைச் சுரண்டி, துருத் தடுப்பு அடித்து, அதன்மேல் கோட்டிங் போட்டால் பயன் உண்டு. கழுவிய ஈரம் காயுமுன் கறுப்பாக அடித்து மூடினால் துரு உள்ளே நிம்மதியாக வளரும். அடுத்த முறை பார்க்கும்போது ஓட்டையாக இருக்கும். எஸ்டிமேட்டில் சுரண்டும் வேலை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அந்த வரியே வேண்டாம்.

ஹைபிரிட்

பிரியஸ், அக்குவா வைத்திருப்பவர்கள் அஞ்சும் கோட் பி0ஏ80. ஹைபிரிட் பற்றரி தளர்ந்துவிட்டது என்பதுதான் செய்தி. மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் 28 மொடியூல்கள், அக்குவாவில் 20, ஒவ்வொன்றும் 7.2 வோல்ற். கராஜ் மொழியில் இவைதான் "செல்". ஒன்றிரண்டு செல்லை மட்டும் மாற்றித் தருகிறேன் என்ற எஸ்டிமேட் மலிவாக இருக்கும். ஆனால் ஒரே வயதுள்ள மற்றவையும் அதே பாதையில்தான் போய்க்கொண்டிருக்கும். வரிசையாக ஒவ்வொன்றாக விழும். காரைச் சீக்கிரம் விற்கப்போகிறவருக்கு அது கணக்குச் சரி, வாங்கப்போகிறவருக்குப் பாவம். வைத்து ஓட்டப்போகிறீர்கள் என்றால் முழுப் பொதியின் விலையையும் கேட்டு ஒப்பிடுங்கள். எந்த வழியானாலும் செல் வாரியான வோல்ற் அளவீட்டையும், உத்தரவாதத்தை மாதத்திலும் கிலோமீற்றரிலும் எழுத்தாகவும் வாங்குங்கள். பின் ஆசனப் பக்கத்திலுள்ள பற்றரி விசிறி தூசி அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பற்றரியைச் சூடாக்கிக் கெடுப்பதில் அதற்குப் பெரிய பங்குண்டு. இந்தக் கார்களில் வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பங்கை மோட்டரே செய்வதால் பிரேக் பாட் நீண்டகாலம் வரும். அடிக்கடி பாட் மாற்றச் சொன்னால் கலிப்பர் சிக்கியிருக்கிறதா என்று கேளுங்கள்.

இன்சூரன்ஸ் எஸ்டிமேட்

விபத்து வேலையில் எஸ்டிமேட்டைப் பார்ப்பது நீங்கள் மட்டுமல்ல, கம்பனியின் அசெசரும் பார்ப்பார். அதனால் எவ்வளவு கூட்டி எழுதினாலும் நமக்கென்ன என்று இருந்துவிடக் கூடாது. பழைய காரின் புதுச் சாமானுக்குத் தேய்மானம் கழிப்பார்கள், எக்சஸ் தொகையும் உங்களுடையது. வீங்கிய எஸ்டிமேட்டில் உங்கள் பங்கும் வீங்கும். கம்பனியின் அனுமதி வருமுன் டிங்கரிங் தொடங்க விடாதீர்கள்.

பலர் கவனிக்காத ஒன்று, காப்புறுதித் தொகை. இறக்குமதித் தடைக் காலத்தில் கார்களின் சந்தை விலை ஏறியது. பொலிசியில் பழைய தொகையே நின்றது. பல பொலிசிகளில், குறைத்துக் காப்புறுதி செய்த காருக்கு இழப்பீடும் அதே விகிதத்தில்தான். 80 இலட்சம் பெறுமதியான கார் 60 இலட்சத்துக்கு எழுதப்பட்டிருந்தால் 4 இலட்ச ரூபா எஸ்டிமேட்டில் 3 இலட்சத்தைத்தான் எதிர்பார்க்கலாம். அப்போது கராஜ்காரரோடு பேரம் பேசி வரும் மிச்சம் இந்த ஓட்டையை அடைக்காது. புதுப்பிக்கும்போது தொகையைத் திருத்துவதுதான் வழி.

ஒப்புதல் கொடுக்கும்போது

"சரி, செய்யுங்க" என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம். வாட்ஸ்அப்பில் எழுத்தில் அனுப்புங்கள்: இந்த இந்த வரிகள் சரி, இவை இப்போது வேண்டாம், இந்தத் தொகைக்கு மேல் போனால் முதலில் போன் செய்யுங்கள். பெரிய தொகையாக இருந்து சாமானைப் பற்றி ஐயம் இருந்தால் வேறொரு கராஜில் பரிசோதனைக் கூலி மட்டும் கொடுத்துக் காட்டுங்கள். முதல் எஸ்டிமேட்டைக் காட்டாமல் வருத்தத்தை மட்டும் சொல்லுங்கள். தாளைக் காட்டினால் இரண்டாமவர் அதே பட்டியலைக் கொஞ்சம் குறைத்து எழுதித் தருவார்.

பழைய சாமானைத் திருப்பித் தரும்படி வேலை தொடங்குமுன் சொல்லிவிடுங்கள். சிங்களம் பேசும் பாஸிடம் "பரண பார்ட்ஸ் டிக்க மட்ட தென்ன" என்றால் போதும். மாற்றினாரா என்பதற்கு இதைவிட நேரான அத்தாட்சி இல்லை. அதோடு, சில பழைய சாமானுக்கு விலையும் உண்டு: பற்றரியின் ஈயம், ஓல்டனேட்டரின் செம்பு, எல்லாவற்றுக்கும் மேலாகக் கட்டலிட்டிக் கொன்வேர்ட்டர். அதன் உள்ளே பிளாட்டினம், பலேடியம், ரோடியம் இருக்கிறது. "புகைக்குழாயில் அடைப்பு" என்று கழற்றி வைத்துவிட்டு வெறும் குழாய் பூட்டினால், நீங்கள் கூலியும் கொடுத்து உலோகத்தையும் கொடுத்தவராவீர்கள். அடுத்த புகைப் பரிசோதனையும் வருமான அனுமதிப்பத்திரமும் வேறு வந்து நிற்கும்.

பில்லில் சாமானும் கூலியும் தனித்தனியாக, பிராண்டோடும் திகதியோடும் கிலோமீற்றரோடும் இருக்கட்டும். பேசித் தீராத பிணக்கு என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை கொழும்பு 2, வொக்ஸ்ஹோல் வீதியில் இருக்கிறது, தொலைபேசி 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி முறைப்பாட்டை எழுத்தில், மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். எஸ்டிமேட், ஒப்புதல் செய்தி, பில், பழைய சாமானின் படம் ஆகிய நான்கின் பிரதிகளையும் அதோடு இணையுங்கள்.